அசையாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க

நாற்பத்திரண்டாவது வயதில் நான் ஒரு வீர முடிவு எடுத்தேன். மனைவியிடம் சொல்லாமல் எடுத்ததால்தான் அதை வீரம் என்கிறேன்.

பதினேழு வருடம் தண்ணீர் மோட்டார் விற்கும் கம்பெனியில், புகார்ப் பிரிவில் இருந்தேன். போனை எடுத்தால் திட்டு. வைத்தால் அடுத்த திட்டு. ஒருநாள் ஆஸ்பத்திரி அறிவிப்பு ஒன்று கண்ணில் பட்டது. எக்ஸ்ரே பிரிவுக்குப் பயிற்சியாளர்கள் தேவை, வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், வயது தடையில்லை. எக்ஸ்ரேவுக்கு வருகிறவர் அசையக் கூடாது, பேசவும் கூடாது. எனக்கு அது போதும். பழைய வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்துவிட்டேன்.

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இதற்கு முன் குளியலறையில் காளான் வளர்த்தேன். அதற்கு முன் அலங்கார மீன் வியாபாரம். அவை முடிந்த கதையை என் மனைவி விருந்தாளிகளுக்குச் சொல்லும் அழகே தனி. இங்கே மூன்றாவது மாதம் ஒரு செய்முறைத் தேர்வு உண்டு. பாஸானால் பயிற்சி தொடரும். இல்லையென்றால் இந்த வேலையும் கிடையாது, அந்த வேலையும் கிடையாது. பாஸ் பண்ணிவிட்டுச் சொல்வோம் என்று வாயை மூடிக்கொண்டேன். அதே பை, அதே டிபன் டப்பா, அதே எட்டு மணி பஸ்.

வேலை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. நானே எடுத்த முதல் மணிக்கட்டுப் படம் திரையில் வந்தபோது, எட்டுச் சின்ன எலும்புகளும் பளிச்சென்று தெரிந்தன. பதினேழு வருடத்தில் நான் செய்த எதுவும் அவ்வளவு தெளிவாக வந்ததில்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

ஆளை நிறுத்துவதில்தான் சிக்கல். நெஞ்சுப் படத்துக்குத் தாடை மேலே, கை இடுப்பில், முழங்கை முன்னால், தோள் எக்ஸ்ரே தட்டோடு ஒட்டி இருக்க வேண்டும். பழகிப் பார்க்க ஓர் ஆள் தேவை. வீட்டில் என்னை விட்டால் இருந்தது ஒரே ஆள்.

"முதுகு வலிக்குதுன்னியே, ஆபீஸ்ல ஒருத்தர் ஒரு பயிற்சி சொன்னார்."

"என்ன செய்யணும்?"

"ஃபிரிட்ஜை ஒட்டி நெஞ்சு படற மாதிரி நில்லு."

"நிக்கலாம். பாத்திரம் யாரு கழுவுறது?"

"நான் கழுவுறேன்."

போய் நின்றாள். தோளைப் பிடித்து முன்னால் தள்ளினேன்.

"மூச்சை இழுத்துப் பிடி. அசையாதே. ம்... விட்டுடு."

"இதுல முதுகு வலி போயிடுமா?"

"தினம் செஞ்சா போகும்."

தினம் செய்தோம். நெஞ்சுக்குப் பாத்திரம். முழங்காலுக்குத் துணி மடிப்பு. இடுப்பைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்க்க, வீட்டு ஜன்னல் கம்பி அத்தனையும் துடைத்தேன். இப்படி ஓர் அப்பாவியை ஏமாற்றுகிறோமே என்று மனசு உறுத்தியது. கேட்காமலேயே மின்விசிறியையும் துடைத்து வைத்தேன்.

தேர்வு நாள் வந்தது. மிஷினை அணைத்துவிடுவார்கள். நோயாளியாக நடிக்க ஒருவர் வருவார். அவரை விசாரித்து, கையில் தரும் ஃபாரத்தோடு சரிபார்த்து, நிறுத்திக் காட்ட வேண்டும். மார்க் போடுகிறவர் எங்கள் பிரிவுத் தலைவி, மேடம் என்போம். கதவு திறந்தது. நோயாளி கவுனைப் போட்டுக்கொண்டு என் மனைவி வந்தாள்.

"வணக்கம் தம்பி. எங்க நிக்கணும்?"

பதினாலு வருடமாக 'ஏங்க' என்று கூப்பிட்ட வாய். மேடம் பேனாவைத் திறந்துவிட்டார். எனக்கு வேறு வழியில்லை.

"வாங்கம்மா. உங்க பேர் சொல்லுங்க."

சொன்னாள். ஃபாரத்திலும் அதுதான் இருந்தது.

அடுத்தது எல்லாப் பெண்களிடமும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. "கர்ப்பமா இருக்கீங்களா?"

"இருந்தா உங்ககிட்ட சொல்லாமலா இருப்பேன் தம்பி?"

மேடம் எதையோ குறித்துக்கொண்டார்.

"பிறந்த தேதி?"

ஒரு தேதி சொன்னாள். ஃபாரத்தில் வேறு தேதி இருந்தது.

இவள் என் மனைவி. ஆள் மாறியிருக்க வாய்ப்பே இல்லை. சரியான தேதி தெரிந்திருந்தால் நானே திருத்திக்கொண்டு மேலே போயிருப்பேன். தெரியவில்லை. மழைக்காலத்தில் எப்போதோ வரும் என்பது வரைதான் ஞாபகம்.

"மன்னிக்கணும்மா. தேதி ஒத்துப்போகலை. சரிபார்க்காம நான் படம் எடுக்க மாட்டேன்."

"நான் பாத்துக்கறேன், மேல நடத்துங்க" என்றார் மேடம்.

நிறுத்தினேன். தாடை, தோள், முழங்கை எல்லாம் சொல்வதற்கு முன்பே அதனதன் இடத்துக்குப் போயின. "பேசாதீங்க" என்றேன். பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு வெற்றி எனக்குக் கிடைத்ததில்லை.

"பாஸ்!" என்றார் மேடம். "ஒரு விவரத்தை மாத்திச் சொல்லச் சொன்னதே நான்தான். மத்தவங்க யாரும் கவனிக்கலை. சொந்த மனைவியாச்சேன்னு நீங்க விட்டுடலை பாருங்க, அந்தக் கவனம்தான் இந்த வேலைக்கு வேணும்." அதே ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"அவசரம்னா யாரைக் கூப்பிடணும்னு என் நம்பரைத்தானே எழுதிக் கொடுத்தீங்க? முதல் நாளே மேடம் போன் பண்ணி, நம்பர் சரியான்னு கேட்டாங்க. தேர்வுக்கு நோயாளியா நடிக்க ஆள் வேணும்னப்போ, நானே வர்றேன்னுட்டேன்."

"முதல் நாளேவா? அப்போ ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"ஜன்னல் பாக்கி இருந்துது."

நான் விடவில்லை. பாஸானவன் நான்தானே.

"இருக்கட்டும். உள்ள எப்படிப் பிடிச்சேன் பாத்தியா? மேடமே அசந்துட்டாங்க."

"பாத்தேன். நான் சொன்னது தப்புத் தேதி. அப்போ ஃபாரத்துல இருந்தது?"

"சரியான தேதி."

"அதை நல்லாப் பாத்தீங்களா?"

"எழுத்து எழுத்தாப் பாத்தேன்."

"மேல மூலையில இன்னிக்குத் தேதி போட்டிருக்காங்களே, அதையும் பாத்தீங்களா?"

அவள் குடையை விரித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். நான் படியிலேயே நின்று ஃபாரத்தைப் பிரித்தேன். நாள் ஒன்றுதான். மாதமும் ஒன்றுதான். வருடம் மட்டும்தான் வேறு.