சுருட்டி வைத்த ஒயர்

கூச்சம் வீட்டையே கொளுத்தும் என்று யாராவது சொன்னால் நம்புங்கள். அதைக் கிட்டத்தட்ட செய்து காட்டியவன் நான்.

தாம்பரத்தில் சின்னதாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. வாய் அதற்கு முன்பே நின்றுவிட்டது. திருநீர்மலையில் செல்வியைப் பெண் பார்த்து, மறுநாள் நிச்சயம் என்ற நிலையில் அவள் அப்பா கூப்பிட்டார்.

"மாப்ள, வாசக் கேட்டு கீல் வுட்டுக்கிச்சு. நாளைக்கு ஜனம் வரும். கொஞ்சம் பத்த வெச்சிக் குடுங்களேன்."

மெஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். தடித்த ஒயர் போட்டு மெயின் போர்டிலிருந்துதான் கரண்ட் எடுக்க வேண்டும். அந்த ஒயரும் கையில் இருந்தது. ஆனால் போர்டு கூடத்துக்குள். அதன் கீழே பெண்கள் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் செல்வி. "கொஞ்சம் நகருங்க" என்று சொன்னால் போதும். (இரண்டே வார்த்தை. செத்தாலும் வராது.)

ஜன்னலோரம் டேபிள் ஃபேனுக்கு வைத்திருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கண்ணில் பட்டது. நூல் மாதிரி ஒயர். விரித்துப் போட்டால் யாராவது தடுக்கி விழுவார்கள், அப்புறம் பேச வேண்டி வரும். அதனால் முறுக்கு போலச் சுருட்டியபடியே வராந்தாவில் இருந்த புது பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தேன். பார்க்க அசிங்கமாக இருக்குமென்று மேலே என் துண்டையும் போர்த்தினேன். (சுருட்டினாலே சூடாகும் மெல்லிய ஒயர், அதற்குப் போர்வை வேறு!)

வெல்டிங் ராடைக் கீலில் வைத்தால் ஒட்டிக்கொண்டது, பொறி வரவில்லை. ஒவ்வொரு தடவையும் உள்ளே விளக்கு மங்கியது, மிக்ஸி அழுதது.

"எவடி மிக்ஸில கல்லப் போட்டவ?" செல்வியின் அம்மா, என் வருங்கால அத்தையின் குரல்.

நான்தான் என்று சொல்லவில்லை. மெஷினில் கரண்டைக் கூட்டி வைத்தேன்.

துண்டிலிருந்து சாம்பிராணி போட்டது போல் புகை. பிறகு 'டப்'. வீடே இருண்டது. மாமா ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு வந்து துண்டை இழுத்தார். ஒயரும் நாற்காலியின் ஒரு விளிம்பும் ஒன்றாக உருகிக் கிடந்தன.

செல்வி வாசலுக்கு வந்தாள். என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்: "போர்டு இங்கதான கீது? நவுருன்னா நவுந்துக்க மாட்டமா?"

கல்யாணம் போச்சு என்று மெஷினைக் கட்டத் தொடங்கினேன். அதைவிடப் பெரிய கவலை, நின்ற காரணத்தை அம்மாவிடம் சொல்லவும் வாய் வேண்டுமே!

அத்தைதான் மாமா பக்கம் திரும்பினாள்: "ரெண்டு வார்த்த பேசறதுக்கு பதிலா வூட்டையே கொளுத்துற ஆளு. நம்மவ பேசற பேச்சுக்கு இவன்தான்யா சரி. வுட்டுடாத."

மறுநாள் இரண்டு வீட்டு ஜனமும் சாய்ந்த கேட்டைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தது.

இன்றும் எந்த ஆபீஸ் வாசலில் நான் தயங்கி நின்றாலும் செல்வி காதருகே வந்து, "இன்னா, ஒயரச் சுருட்டட்டா?" என்பாள். மாமனார் அந்த நாற்காலியைத் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு விசேஷத்துக்கும் மெயின் போர்டுக்கு நேர் கீழே எனக்கென்று போட்டு வைப்பார். உருகிய விளிம்பு குத்துகிறது. வேறு நாற்காலி கேட்டால் தருவார்கள்.

கேட்க வேண்டுமே.