காதோரத்தில் இடமில்லை

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

தங்கள் தம்பி மகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று முதல் வரியில் எழுத வேண்டும். எழுதிவிட்டேன். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதில் எனக்கு இப்போது நல்ல பயிற்சி.

ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் கூப்பிட்டால் அக்கா எடுக்கிறாள். "அப்பா இப்பதான் கொஞ்சம் நிம்மதியா இருக்காரு. மறுபடியும் காதோரம் காதோரம்னு ஆரம்பிக்காதே" என்று வைத்துவிடுகிறாள். தாளுக்கு வாய் இல்லை. அக்காவுக்குக் கேட்காது.

காதுக்குள் ஓயாத இரைச்சல் கேட்பவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்ள இணையத்தில் ஓர் அறை திறந்தீர்கள். காதோரம் என்று பெயர் வைத்தீர்கள். பிறகு, "ரெண்டு வாரம் பாத்துக்கோடா, சும்மாதானே இருக்க" என்று அதை என் தலையில் வைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனீர்கள். அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போய்விட்டன. வேலை இன்னும் கிடைக்கவில்லை. இன்றும் சும்மாதான் இருக்கிறேன். ஆனால் சும்மா இருக்க நேரமில்லை.

நிலவரத்தைச் சொல்கிறேன். தாங்கள் விட்டுப்போன மடிக்கணினி இஸ்திரி மேசையின் மேல் இருக்கிறது, அம்மா இஸ்திரி போடும்போது நான் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறேன், அப்போது மின்கம்பி எட்டாது, எட்டாவிட்டால் அது உடனே அணைந்துவிடும், அணைந்தால் மறுபடி விழிக்க அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அம்மா இன்னும் நாலு சட்டை போட்டுவிடுவாள், அதற்குள் உள்ளே யாராவது அழ ஆரம்பித்திருப்பார்கள். ஸ்பீக்கர் செத்துப்போனதால் எதைக் கேட்பதானாலும் ஹெட்போன்தான், ஹெட்போனில் வலது பக்கமும் செத்துப்போனதால் எல்லாம் என் இடது காதுக்குத்தான் வருகிறது. உறுப்பினர்கள் குரல் பதிவு அனுப்பினால் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் இருக்கும், முழுச் சத்தத்தில் வைத்தால்தான் புரியும். இரைச்சலை மறக்கக் கேட்பதற்கென்று மழை, அருவி, மின்விசிறி என்று ஒலிக் கோப்புகளை நாம் போடுகிறோமே, அவற்றையும் முதலிலிருந்து கடைசிவரை நானே கேட்டுப் பார்த்துத்தான் போடுகிறேன், ஏனென்றால் ஒருமுறை கேட்காமல் போட்ட மழையில் நடுவில் ஒரு நாய் குரைத்து, கண்ணை மூடிக் கிடந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமலே சொல்கிறாள்: "நான் சொன்னா ஒண்ணும் காதுல விழாது. நீ ஊர்க் காதைப் பாக்குறியாக்கும்."

இலவசத் திட்டத்தில் ஐம்பது பேருக்குத்தான் இடம். தாங்கள் அறிந்ததே. காசு கட்டினால் பெரிய அறை. காசு இருந்தால் ஹெட்போனின் வலது பக்கத்திலிருந்து ஆரம்பிப்பேன். ஆகவே ஒருவர் போனால்தான் ஒருவர் வரலாம். ஒரு மாதம் வாயே திறக்காதவர் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று அறிவித்துப் பார்த்தேன். அன்று முதல் எல்லோரும் மாதக் கடைசியில் வந்து "இருக்கிறேன்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். பேருந்தில் துண்டு போட்டு வைப்பதுபோல. அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. இருக்கிறேன் என்பதற்கு மேல் சொல்ல அவர்களிடம் என்ன இருக்கிறது.

வெளியே காத்திருப்பவர்களுக்குத் தானாகவே போகும்படி ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறேன். "காதோரம் தேடி வந்ததற்கு நன்றி. உங்கள் துன்பம் எங்களுக்குப் புரிகிறது. இப்போது இடமில்லை. பொறுத்திருங்கள். அதுவரை, உங்கள் சத்தம் எப்படிப்பட்டது என்று ஒரே வரியில் எழுதி அனுப்புங்கள்." எழுதியபோது பெருமையாக இருந்தது. ஒருவர், "தவறுதலாக உங்களுக்கு அனுப்பிவிட்டேன்" என்று எழுதினார். அவருக்கும் துன்பம் புரிகிறது என்றே போனது. அவர் நன்றி சொன்னார். பிறகு, மனைவி தன்னோடு பேசி ரொம்ப நாள் ஆகிறது என்றும் எழுதினார்.

வரிசையில் முதலில் நிற்பவர் ஒரு கைக்குழந்தைக்காரி. தினமும் எழுதுகிறார்: "அண்ணா, இடம் இருக்கா? பாப்பா அழுறதும் காதுக்குள்ள கேக்குறதும் எனக்கு ஒண்ணாவே இருக்கு. அழாதப்பவும் ஓடி ஓடிப் பாக்குறேன்." தனியாகப் பதில் போட உட்கார்ந்தேன். என்ன எழுத? எனக்கு என்ன தெரியும்? அவரோடு பேச வேண்டியவர் உள்ளே இருக்கும் தையல் அக்கா. உள்ளே இடமில்லை.

இடம் இருந்தது, பெரியப்பா. ஒரே ஓர் இடம். அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

நம் அறையில் காலை வணக்கம் கிடையாது, அவரவர் அன்றைக்குக் கேட்கும் சத்தத்தைத்தான் எழுத வேண்டும் என்று வழக்கம் வைத்தவர் தாங்கள். "நீயும் ஏதாவது ஒண்ணு போட்டு வைடா. காது நல்லா இருக்கிறவன் சொல்றதை எவனும் கேக்க மாட்டான்" என்று சொல்லிக்கொடுத்தவரும் தாங்கள்தான். போட்டேன். தையல் அக்கா, "இன்னைக்கு நூல் இல்லாம மெஷின் ஓடுது" என்று எழுதுவார். பட்டறைக்காரர் "அதே" என்று எழுதுவார். தினமும் "அதே." சோம்பேறி மனிதர் என்று நினைத்தேன். நானோ பல்கலைக்கழகத்தில் படித்தவன். "காலி வகுப்பறையில் அணைக்க மறந்த குழல்விளக்கு" என்று எழுதினேன். "மூடிய கதவுக்குப் பின்னால் கொதிக்கும் நீர்" என்று எழுதினேன். "சொல்ல வந்து சொல்லாமல் விட்ட பெயரின் கடைசி எழுத்து" என்றுகூட ஒருநாள் எழுதினேன். அதற்குத் தையல் அக்கா, "எங்களுக்கெல்லாம் வெறும் ங்ஙொய்தான். தம்பிக்குப் பாவம், என்னென்னமோ கேக்குது" என்றார். ஐம்பது பேரில் அதிகம் இரக்கத்துக்கு ஆளானவன் நான்தான்.

போன வாரம் ஒரு காலையில் எழுத ஒன்றுமில்லை. வீட்டுக் குளிர்பெட்டி, மாடித் தொட்டி நிரம்பி வழிவது, பக்கத்து வீட்டு மிக்ஸி, ஜெராக்ஸ் கடை இயந்திரம். எல்லாம் தீர்ந்துவிட்டன. வெறுத்துப்போய் உண்மையை எழுதினேன். "இன்று எனக்கு எந்தச் சத்தமும் இல்லை. சொல்லப்போனால் என்றைக்குமே இருந்ததில்லை. மன்னியுங்கள்."

வசவுக்குக் காத்திருந்தேன்.

"தம்பீ! நின்னுடுச்சா?" என்று ஒருவர். "ரெண்டாவது வரியைப் படிச்சீங்களா? நின்னா அப்படித்தான் இருக்குமாம். என்னைக்குமே இல்லாத மாதிரி" என்று இன்னொருவர். "எதுக்குப்பா மன்னிப்பு? எங்களுக்கு முன்னாடி உனக்கு நின்னதுக்கா? நீ நல்லா இரு" என்றார் தையல் அக்கா. இல்லை, இல்லை, நான் சொல்வது வேறு என்று மறுபடி எழுதினேன். அடக்கமான பிள்ளை என்றார்கள். என்ன சாப்பிட்டாய், எந்தப் பக்கம் படுத்தாய், தலையணை பஞ்சா ரப்பரா என்று கேட்டார்கள். அம்மா தலையணை உறையைத் துவைக்கப் போட்டிருந்தாள் என்று சொன்னேன், அன்றைக்குப் பதினாறு வீட்டுத் தலையணை உறை கொடியில் தொங்கியது. கடைசியில் கெஞ்சாத குறையாக, "நான் ஒன்றுமே செய்யவில்லை" என்று எழுதினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. மறுநாள் எல்லோரும் ஒன்றுமே செய்யாமல் இருக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தையல் அக்கா மெஷினை மூடிவிட்டார். "சீருடைத் துணி கொடுத்தவங்க வாசல்ல நின்னு கத்துறாங்க. நான் எந்திரிக்கல. நீ சொன்ன மாதிரியே ஒண்ணும் செய்யல" என்று குரல் பதிவு அனுப்பினார். பின்னணியில் அவர்கள் கத்துவது என் இடது காதுக்குத் தெளிவாகக் கேட்டது. பட்டறைக்காரர் வேலைக்குப் போகவில்லை. அன்று காலை, நான் வந்த நாள் முதலாக இல்லாத வழக்கமாக, "கொஞ்சம் கம்மி" என்று எழுதினார். நாற்பது பேர் கைதட்டினார்கள். அடுத்த நாளும் "கொஞ்சம் கம்மி." இன்று காலை, "அதே."

யாரும் கைதட்டவில்லை. அந்தச் சொல்லைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தேனே, பெரியப்பா, அது கைப்பிடிச் சுவர். அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனிதர் இத்தனை நாள் இறங்கிப் போய் வந்திருக்கிறார். நான் அவர் கையை எடுத்துவிட்டேன்.

இதற்கு நடுவில் தாங்கள் எழுதிவைத்த சட்டம் ஒருவருக்கு ஞாபகம் வந்தது. சத்தம் நின்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். இதுவரை யாருக்கும் பயன்படாத சட்டம். என்னை வைத்துத் திறப்பு விழா. இன்று மாலை வழியனுப்பு. அறையை நடத்தும் சாவி இனி தையல் அக்காவிடம். நாளைக் காலை கைக்குழந்தைக்காரிக்கு என் இடம். நான் போவதில் எனக்கு வருத்தமில்லை, உட்கார்ந்திருந்ததே தப்பு. ஆனால் குணமானவன் என்ற பெயரோடு போகக் கூடாது. அப்படிப் போனால் தையல் அக்கா மெஷினைத் திறக்க மாட்டார், பட்டறைக்காரர் தினமும் "கொஞ்சம் கம்மி"க்காகக் காதைக் கூர்ந்து கேட்டுக்கொண்டே கிடப்பார். கூர்ந்து கேட்டால் சத்தம் கூடும் என்று சொன்னவர் தாங்கள்தானே.

ஆகவே ஒரே ஒரு உதவி. அவர்கள் நம்புவது தங்கள் ஒருவரைத்தான். தங்கள் கைப்பட ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே தபாலில் அனுப்புங்கள். "என் தம்பி மகனுக்குப் பிறந்ததிலிருந்து இன்றுவரை காதில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. அவன் சொன்னதெல்லாம் பொய். எல்லோரும் வேலைக்குப் போங்கள்." அதைப் படம் பிடித்துத் தையல் அக்காவுக்கு அனுப்பிவிடுகிறேன். என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். அதைக் கேட்க ஒரு காது எப்படியும் சும்மாதான் இருக்கிறது.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள், போனை வைப்பதற்கு முன் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு முத்தங்கள். தங்கள் காதுக்கு என்றும் அமைதி வாய்க்க வேண்டும் என்று வேண்டி, தங்கள் காலைத் தொட்டு,

தங்கள் தம்பி மகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வழியனுப்பு முடிந்துவிட்டது. "போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டோம் தம்பி. போயிடுங்க. திரும்பி மட்டும் வந்துடாதீங்க" என்று எல்லோரும் வாழ்த்தினார்கள். பட்டறைக்காரர்கூட இரண்டு சொல் எழுதினார்: "சந்தோஷம் தம்பி." வெளியேறினேன். நாளை வரை எதற்கு என்று தையல் அக்கா உடனே கைக்குழந்தைக்காரியை உள்ளே விட்டு, அவர் எழுதிய முதல் வரியைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். "பாப்பா தூங்குது. ஆனா அழுவுது." கீழே தையல் அக்காவின் பதில்: "ஓடிப் பாக்காதம்மா. பாப்பா நெஞ்சு மேல ஒரு கையை வச்சுக்கோ. அழுதா கை சொல்லும்." இந்தப் பதிலை நான் எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

நிம்மதியாக ஹெட்போனைக் கழற்றினேன். காதில் ஓடிக்கொண்டிருந்த மழைச் சத்தம் நிற்கவில்லை. கழற்றிய ஹெட்போனில் மழைக் கோப்பு இன்னும் ஓடுகிறது என்று நினைத்து மடிக்கணினியை அணைத்தேன். குளிர்பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினேன். "பால் திரிஞ்சா நீதான் வாங்கிட்டு வரணும்" என்றாள் அம்மா. மின்விசிறி, மோட்டார், கடைசியில் அம்மாவின் இஸ்திரிப் பெட்டியையும் அணைத்தேன். மாடிப்படியில் போய் நின்று பார்த்தேன். வலது காதைப் பொத்தினால் இருக்கிறது. இடது காதைப் பொத்தினாலும் இருக்கிறது.

ஆகவே தாங்கள் அந்த வரியை எழுத வேண்டாம். எழுதினால் பொய்யாகிவிடும்.

என்ன செய்வது என்று தெரியாமல் காதோரத்துக்கே எழுதினேன். "அக்கா, இடம் இருக்கா?" உடனே பதில் வந்தது. என் துன்பம் அவர்களுக்குப் புரிகிறதாம். இப்போது இடமில்லையாம். பொறுத்திருக்க வேண்டுமாம். என் சத்தம் எப்படிப்பட்டது என்று ஒரே வரியில் எழுதி அனுப்ப வேண்டுமாம்.

இஸ்திரி மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வரியும் வரவில்லை, பெரியப்பா. குழல்விளக்கு, கொதிக்கும் நீர், குளிர்பெட்டி, எல்லாவற்றையும் செலவழித்துவிட்டேன். பட்டறைக்காரரைப் போல "அதே" என்று போட்டுவிடலாம் என்றால், எனக்கு நேற்று சத்தம் இல்லை.