தனசீலன் எழுதியது

தன் வீட்டில் இனிமேல் சண்டையே நடக்காது என்று தனசீலன் முடிவு செய்தது ஒரு புதன்கிழமை காலையில். முடிவு செய்த இடம் வீடல்ல, ஆபீஸ். வீட்டில் முடிவு செய்கிற வழக்கம் அவனுக்கு இல்லை.

அணுசக்தி நகர் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவன் டெக்னீசியன். அங்கே கம்ப்யூட்டர் அறை என்று ஒன்று இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளியே பம்பாயே வெந்து வியர்த்து வழியும்போது உள்ளே இருப்பவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தும்முவார்கள். தனசீலன் அந்த அறைக்குள் சத்தமாகப் பேசியதில்லை. சர்ச்சுக்குள்ளாவது பக்கத்து ஆளிடம் ரெண்டு வார்த்தை குசுகுசுப்பான். இங்கே அதுவும் கிடையாது.

எண்பத்தொன்பதாம் வருஷம் அது. அந்த அறைக்கு ஈமெயில் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மெயில் என்றால் அதுவரை தனசீலனுக்கு மெட்ராஸ் மெயில் ரயில்தான். ஒரு நாடா இயந்திரம் மக்கர் செய்ததைப் பற்றி ஹாலந்தில் யாரோ ஓர் இன்ஜினீயருக்கு அவன் பயந்து பயந்து எழுதிப்போட்டான். மறுநாளே பதில் வந்து நின்றது. வேகத்தைக்கூட அவன் பெரிதாக நினைக்கவில்லை. அவனை அசத்தியது வேறு.

பச்சை எழுத்தில், திரையின் தலைமாட்டில், ‘தனசீலன் எழுதியது’ என்று இங்கிலீஷில் இருந்தது. அதற்குக் கீழே அவன் எழுதிய வரிகள், அவன் செய்த பிழையோடு அப்படியே இருந்தன. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சின்னதாக ஓர் அம்பு முனை. அவன் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் அந்த வெள்ளைக்காரர் பதில்.

“சார், நான் எழுதினது ஏன் சார் திரும்பி வந்திருக்கு?” என்று கேட்டான்.

பிரிவுத் தலைவர் வானமாமலை மாட்டுங்காக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார். “இதான் ஓய் மெயில் மரியாதை. எதிராளி சொன்னதை அவன் வார்த்தையிலேயே போடணும். யார் சொன்னதுன்னு மேலே பேர் போடணும். பதிலுக்கு வேணுங்கறதை மட்டும் வச்சுண்டு மிச்சத்தை வெட்டிடணும்.”

“அப்போ, ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ன்னு யாரும் சொல்ல முடியாதா சார்?”

“எப்படிய்யா சொல்லுவான்? அவன் பேரும் அவன் வார்த்தையும் எதிர்லேயே நிக்கறதே!”

தனசீலனுக்கு உடம்பு சிலிர்த்தது. கண்கூட லேசாகக் கலங்கியது. கல்யாணமான ஆண்களுக்கு இதன் அருமை புரியும். செம்பூரில் அவன் வீட்டில் எந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்.

“மீன் வேண்டாம்னு நீதானளா சொன்ன?” என்பான் தனசீலன்.

“நான் எப்பம் சொன்னேன்? மீன் வேணுமான்னு கேட்டேன்.”

“வேண்டாங்கிற மாதிரி கேட்ட.”

“மாதிரியெல்லாம் நான் கேக்கல. கேட்டா நேராத்தான் கேப்பேன்.”

கடைசியில் தோற்பது யார் என்று சொல்லத் தேவையில்லை. மனைவி லூர்தம்மாளுக்கு ஞாபகசக்தி அப்படி. அவனோ, காலையில் தான் சொன்னது என்ன என்பதையே சாயங்காலம் அவள் சொல்லித்தான் தெரிந்துகொள்வான்.

இப்போது வீட்டில் ஓடிக்கொண்டிருந்த சண்டை சாதாரணமானதல்ல. வாஷி பாலம் தாண்டி, கோபர்கைரனேயில் புதுசாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. மனுப் போட வருகிற திங்கட்கிழமை கடைசி நாள். தனசீலன் போகத் துடித்தான். லூர்தம்மாள் அசையமாட்டேன் என்றாள். மார்க்கெட் உண்டா? சர்ச் உண்டா? பேச்சுத்துணைக்கு ஒரு மனுஷியாவது உண்டா? கொசு மட்டும்தானே உண்டு?

காற்றுக்காகப் போகிறேன் என்று அவன் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். நமக்குள் உண்மையைப் பேசிவிடலாம். அவன் ஓடப் பார்த்தது அண்ணனிடமிருந்து.

அண்ணன் ஜோசப்ராஜுக்குத் தாராவியில் தோல் பை பட்டறை. தம்பியைப் பம்பாய்க்கு ரயிலேற்றிக் கூட்டிவந்தவர், ஐ.டி.ஐ. படிக்கவைத்தவர், பெண் பார்த்துக் கட்டிவைத்தவர். தங்கமான மனிதர். அந்தத் தங்கம் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்த கையோடு மனைவி ஏஞ்சலம்மாளையும் பிள்ளைப் பட்டாளத்தையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு செம்பூருக்கு வந்துவிடும். இருப்பது ஓர் அறை, ஓர் அடுக்களை, ஒரு கட்டில். மீன்குழம்பு முடிந்ததும் அண்ணன் கட்டிலில் சாய்வார். பிள்ளைகள் தனசீலன்மேல் சாய்வார்கள். டி.வி.யில் சாயங்காலப் படம் முடிந்து, அழுதவர்கள் கண்ணைத் துடைத்த பிறகுதான் கிளம்புவார்கள். அந்த ஒரு நாள்தான் அவனுக்கும் லீவு. வராதீர்கள் என்று அண்ணனிடம் சொல்ல எந்தத் தம்பிக்கு நாக்கு வரும்? நடுவில் ஒரு பாலமும் அரைநாள் பஸ் பயணமும் இருந்தால் அவரே வரமாட்டார். இதுதான் திட்டம்.

ஆனால் அண்ணன் தலையசைக்காமல் அந்தக் குடும்பத்தில் ஒரு ஸ்டூல்கூட இடம் மாறாது. லூர்தம்மாளும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். “அத்தான் சரின்னு சொல்லட்டும், நானும் வாரேன்” என்று சொல்லியிருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் தனசீலன் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கையில் ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் தாள், இரண்டு ஓரமும் ஓட்டை போட்டது.

“லூர்து, இனிமே நாம வாயால சண்டை போடப்பிடாது.”

“அப்போ கையாலயா?”

“எழுதிப் போடணும். ஆபீஸ்ல மெயில் வந்திருக்குல்லா, அந்த மாதிரி.”

“ஒரே வீட்டுக்குள்ளயா? காய்க்கு? எதுக்குங்கேன்?”

“அப்பத்தான் ‘நான் சொல்லவே இல்ல’ன்னு நீயும் சாதிக்க முடியாது, நானும் சாதிக்க முடியாது. நான் எழுதினதை என் வார்த்தையிலயே போடு. மேல ‘தனசீலன் எழுதியது’ன்னு போடு. அடியில உன் பதிலை எழுது. முடிஞ்சுது.”

லூர்தம்மாள் அரிசி களைவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். அவள் வள்ளியூர்ப் பக்கம் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். எந்த வேலையைக் கொடுத்தாலும் முறையை முதலில் கேட்டுக்கொள்வாள்.

“நீங்க எழுதின எல்லாத்தையும் போடணுமா?”

“சீச்சீ! வேணுங்கிறதை மட்டும் வச்சிட்டு மிச்சத்தை வெட்டணும். வெட்டாம அப்படியே தூக்கிப் போடுறவன் நாகரிகம் இல்லாதவன்னு சார் சொன்னாரு.”

“எது வேணும், எது வேண்டாம்னு யாரு சொல்லுவா?”

“பதில் எழுதுறவங்கதான்.”

“வெட்டின இடத்துல புள்ளிகிள்ளி வைக்கணுமா?”

அதைப் பற்றி வானமாமலை ஒன்றும் சொல்லவில்லை. தெரியாது என்று மனைவியிடம் சொல்ல தனசீலனுக்கு மனசு வரவில்லை. “அதெல்லாம் வேண்டாம்” என்றான்.

“அச்சா” என்றாள் லூர்தம்மாள். அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் அச்சா சொன்னதில்லை. அவன் அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை உட்கார்ந்து, அடியில் கார்பன் வைத்து எழுதினான். வானமாமலையின் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு ஒரு பாணி படிந்திருந்தது. எடுத்ததும் எதிராளியைத் தடவிக்கொடுக்க வேண்டும். பிறகு ‘ஆனால்’ போட்டு அடிக்க வேண்டும்.

‘செம்பூரைப் போல ஓர் இடம் பம்பாயில் இல்லை என்று நீ சொல்வது முழுக்க உண்மை. ஆனால் கோபர்கைரனேயில் காற்று சுத்தம்’ என்று ஆரம்பித்தான். ‘வீட்டு விஷயத்தில் நீ சொல்வதைத்தான் நான் கேட்க வேண்டும். ஆனால் இந்த ஒரு தடவை நான் சொல்வதை நீ கேள்’ என்று தொடர்ந்தான். எழுத எழுத அவனுக்கே தன்மேல் பிரமிப்பு வந்தது. அந்த மயக்கத்தில், மனைவியிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று மூன்றாவதாக உண்மையையும் எழுதிவிட்டான்.

‘அண்ணன் எனக்கு அப்பா மாதிரி. அவரைப் பார்க்காத ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாயிற்றுக்கிழமையே அல்ல. ஆனால் சாவதற்குள் ஒரு ஞாயிறாவது அவர் தொல்லை இல்லாமல் என் கட்டிலில் நான் படுக்க வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் அவர் வரமாட்டார். இது நமக்குள் இருக்கட்டும்.’

தாளை மடித்து உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தான். நகலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வெள்ளிக்கிழமை பதில் இல்லை. சனிக்கிழமையும் இல்லை.

“என்ன, மெயில் வரலையே?”

“எழுதிட்டிருக்கேன். நாளைக்கு வரும்.”

ஹாலந்திலிருந்து ஒரே நாளில் வருகிறது, அடுக்களையிலிருந்து மூன்று நாள் ஆகிறதே என்று கிண்டல் செய்தான். லூர்தம்மாள் சிரித்தாள். அதையும் அவன் கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பரிவாரத்தோடு வந்தார். மீன்குழம்பு முடிந்தது. கட்டிலில் சாய்ந்து, வயிற்றைத் தடவிக்கொண்டு கேட்டார்.

“என்னல சீலா, வீடு மாத்தப் போறியாம்லா? ஏஞ்சல் சொன்னா.”

தனசீலன் தொண்டையைச் செருமினான். காற்று, வெளிச்சம், நாளைக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளின் எதிர்காலம் என்று ஒரு பிரசங்கமே தயாராக வைத்திருந்தான். அதற்குள் லூர்தம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“அத்தான், இவுக மனசுல இருக்கிறதை எல்லாம் எனக்கு எழுதிக் குடுத்திருக்காக. நானும் பதில் எழுதியிருக்கேன். ஆபீஸ் முறைப்படி. வாசிக்கட்டா?”

தனசீலன் குறுக்கே பாய்ந்தான்.

“அது எதுக்கு இப்போ? அண்ணன் அசதியா இருக்காரு.”

“அசதியா? எனக்கா? வாசிம்மா” என்று அண்ணன் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

லூர்தம்மாள் தாளைப் பிரித்தாள். சர்ச்சில் வாசகம் வாசிக்கிற அதே குரல்.

“தனசீலன் எழுதியது. ‘செம்பூரைப் போல ஓர் இடம் பம்பாயில் இல்லை என்று நீ சொல்வது முழுக்க உண்மை.’ லூர்தம்மாள் பதில். ரொம்ப சந்தோஷம்.”

ஏஞ்சலம்மாள் தலையை ஆட்டினாள். தனசீலன் அடுத்த வரிக்குக் காத்திருந்தான். அவன் காத்திருந்த அடுத்த வரி வரவில்லை.

“தனசீலன் எழுதியது. ‘வீட்டு விஷயத்தில் நீ சொல்வதைத்தான் நான் கேட்க வேண்டும்.’ லூர்தம்மாள் பதில். அப்படியே ஆகட்டும்.”

“ஏளா…” என்று அவன் எழுந்தான்.

“உக்காருல. வாசிக்கும்போது நடுவுல பேசாத” என்றார் அண்ணன்.

“தனசீலன் எழுதியது. ‘அண்ணன் எனக்கு அப்பா மாதிரி.’”

தனசீலன் அப்படியே சுவரில் சாய்ந்தான். அடுத்து வரப்போவது அவனுக்கு மனப்பாடம்.

“‘அவரைப் பார்க்காத ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாயிற்றுக்கிழமையே அல்ல.’”

லூர்தம்மாள் நிறுத்தினாள். மூச்சு வாங்கினாள்.

“லூர்தம்மாள் பதில். எனக்கும் அப்படித்தான்.” தாளை மடித்துவிட்டாள்.

ஜோசப்ராஜ் துண்டால் கண்ணைத் துடைத்தார். இன்னும் டி.வி.யில் படம்கூட ஆரம்பிக்கவில்லை. “என் தம்பில்லா!” என்று மட்டும் சொன்னார்.

தப்பித்தோம் என்றுதான் தனசீலனுக்கு முதலில் தோன்றியது. அடுத்த நிமிஷமே வயிறு எரிந்தது. மனு, கோபர்கைரனே, காற்று எல்லாம் போச்சே! யோசிக்காமல் வாயைத் திறந்தான்.

“அண்ணே, இது பாதிதாண்ணே! நான் எழுதினதுல பாதியை வெட்டிட்டா!”

“பாதியா? என்னைப் பத்தி இன்னும் இருக்காலே?” அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. “மிச்சத்தையும் வாசிம்மா!”

“என்கிட்ட இல்ல அத்தான். முழு நகல் இவுக சட்டைப் பையில இருக்கு” என்றாள் லூர்தம்மாள், மிகவும் மரியாதையாக.

எல்லாக் கண்ணும் அவன் பைக்குத் திரும்பியது. அவன் கை தாளைத் தொட்டது. அப்போதுதான் மனைவியை நிமிர்ந்து பார்த்தான். ஒரு வார்த்தை மாற்றவில்லை. ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. பேரும் ஒழுங்காகப் போட்டிருக்கிறாள். அவன் சொல்லிக்கொடுத்த முறையில் இம்மிகூடத் தவறவில்லை. அவன் எழுதியதைக்கொண்டே அவனை இங்கே கட்டிப்போட்டும்விட்டாள், அண்ணனிடமிருந்து அவன் மானத்தைக் காப்பாற்றியும்விட்டாள். ஹாலந்துக்காரருக்கு இதற்கு வயரும் ஏசி அறையும் வேண்டியிருந்தது. இவள் மண்ணெண்ணெய் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து செய்திருக்கிறாள். கம்ப்யூட்டர் அறையில் வருகிற அதே பயபக்தி அவனுக்கு இப்போதும் வந்தது. நல்லவேளை, வீட்டுக்குள் செருப்பு போடவில்லை.

“எடுல! வாசி!” என்றார் அண்ணன்.

“வேண்டாம்ணே. மிச்சமெல்லாம் தேவையில்லாதது. லூர்து வெட்டினது சரிதான்.”

“கூச்சப்படுதான் பாரு, ஏஞ்சல்” என்று ஜோசப்ராஜ் உருகிப்போனார். தம்பியை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துத் தோளில் கை போட்டார். “இத்தனை பாசத்தை வச்சிக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலியேல! ஞாயித்துக்கிழமை மட்டும் வந்தா உனக்கு எப்படிக் காணும்? சனிக்கிழமை என்னல பாவம் பண்ணிச்சி? இனிமே சனிக்கிழமை மத்தியானமே வந்துருதோம்!”