கீரியின் பந்தும் ஆமையின் சாப்பாட்டு நேரமும்

ஒரு காட்டில், கோடை வந்தால் வற்றிப்போகும் ஏரி ஒன்று இருந்தது. தண்ணீர் கிடந்தால் அது மீன்களுக்குச் சொந்தம். வற்றிவிட்டால் கிரிக்கெட்டுக்குச் சொந்தம். அந்த ஏரியில் பந்து வீசுவதற்குத் தனுஷ்கோடி என்ற கீரியை விட்டால் ஆள் கிடையாது.

வாரநாட்களில் தனுஷ்கோடிக்கு வேறு பிழைப்பு. கௌதாரிகளும் காடைகளும் குடியிருக்கும் மேட்டுத்தெருவில் பாம்பு தென்பட்டால் அவனுக்கு ஆள் விடுவார்கள். போய்ப் பார்ப்பான். முக்கால்வாசி அது யாரோ காயப்போட்ட கயிறாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேறு கீரி. நாலுகால் பாய்ச்சலில் ஓடிவந்து, கடைசி எட்டில் நிமிர்ந்து, வாலைச் சுழற்றிக்கொண்டு பந்தை விடுவான். டென்னிஸ் பந்துதான். ஆனால் ஆஃப் ஸ்டம்புக்குச் சற்று முன்னால் ஏரித்தரையில் ஒரு வெடிப்பு இருந்தது. அதன் விளிம்பில் பட்ட பந்து எந்தப் பக்கம் போகும் என்று பந்துக்கே தெரியாது. தனுஷ்கோடி கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தில் போடுவான். முயல்கள் மட்டையைச் சுழற்றிவிட்டுத் திரும்பினால் ஸ்டம்பு சாய்ந்து கிடக்கும்.

ஏரிக்கரையில் சுடலைமுத்து என்ற கரடி டீக்கடை வைத்திருந்தார். கடையில் டிவி உண்டு. அதில் பெருவனம் அணியின் ஆட்டம் ஓடும். பெருவனம் அணிக்காரர்களுக்கு ஆடுவதுதான் வேலை. கயிறு பார்க்கப் போகவேண்டியதில்லை.

"பந்தா போடுதான் இவன்?" என்பார் கரடி, டிவியைப் பார்த்து. "நம்ம கோடி தூக்கத்துல போடுவான் இதை."

"கோடி என்ன வேகத்துல போடுவான் அண்ணாச்சி?" என்று யாராவது கேட்பார்கள்.

"நூத்தி நாப்பது இருக்கும்."

கரடி வேகத்தை வெறுங்கண்ணால் அளப்பவர். டீ ஆற்றிக்கொண்டே அளப்பார்.

முதலில் தனுஷ்கோடி, "சும்மா இருங்க அண்ணாச்சி" என்று சிரித்தான். அப்புறம் சிரிக்க மட்டும் செய்தான். அப்புறம் அதுவும் இல்லை. தினமும் டீயோடு சேர்ந்து உள்ளே போன பேச்சு உடம்பில் ஊறிவிட்டது. வீட்டில் டிவி பார்க்கும்போது, "இந்த இடத்துல நான் இருந்தா" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துவான். அவன் மனைவி செண்பகம் அந்த மீதிப் பாதியைப் பல நாள் பொறுத்துப் பார்த்தாள்.

பெருவனம் அணிக்குப் புதுப் பந்துவீச்சாளர்கள் தேவை, யார் வேண்டுமானாலும் வந்து போட்டுக் காட்டலாம் என்று அறிவிப்பு வந்தபோது அவள்தான் சொன்னாள். "போய்ப் பாத்துட்டுத்தான் வாங்களேன். இல்லேன்னா இந்த வீட்ல கடைசிவரைக்கும் இதே பேச்சுத்தான் ஓடும்."

கரடி அன்று டீக்குக் காசு வாங்கவில்லை. ஊரே மேட்டுத்தெரு முனைவரை வந்து வழியனுப்பியது.

பெருவனத்து மைதானத்தின் வாசலில் வரிசை நின்றது. வரிசையின் தலை மைதானத்தில், வால் ஆற்றங்கரையில். தனுஷ்கோடிக்கு முன்னால் ஒரு நரி நின்றது.

"எங்க ஊர்ல என் பந்தை எவனும் தொட்டதில்ல" என்றது நரி.

"அப்படியா" என்றான் தனுஷ்கோடி.

"நூத்தி நாப்பது போடுவேன்னு சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவா?"

"டீக்கடையில."

பின்னால் நின்ற முயல், தன் ஊர் டீக்கடையில் நூற்று நாற்பத்தைந்து என்று பேசிக்கொள்வதாகச் சொன்னது. அதற்குப் பின்னால் நின்ற காட்டுப்பூனை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன் முகத்திலும் ஒரு டீக்கடை இருந்தது. இத்தனை பேருக்கும் ஊரில் பொய் சொல்லியிருக்கிறார்களே, பாவம் என்று தனுஷ்கோடி நினைத்துக்கொண்டான். தன்னை அந்தக் கணக்கில் சேர்க்க அப்போதைக்கு மனம் வரவில்லை.

உள்ளே பயிற்சியாளர் வெள்ளைச்சாமி நின்றுகொண்டிருந்தார். நாரை. ஒற்றைக்காலில் நின்றபடியே ஒரு பந்தை நீட்டினார். பந்து கல் மாதிரி கனத்தது. தனுஷ்கோடி தரையைப் பார்த்தான். வழித்து மெழுகியதுபோல் சமமாக இருந்தது. ஆஃப் ஸ்டம்புக்கு முன்னால் போய்க் குனிந்து தேடினான்.

"என்ன தம்பி, எதையாவது விட்டுட்டீங்களா?" என்றார் நாரை.

"ஒண்ணுமில்ல சார்" என்று திரும்பி வந்தான்.

"நம்ம கிட்டப்பாவுக்குப் போடுங்க" என்றார் நாரை.

கிட்டப்பா ஆமை. பெருவனம் அணியில் கடைசியாக மட்டை பிடிக்க வருகிறவர். டிவியில் அவர் நடந்து வரும்போதே டீக்கடையில் எழுந்து சோம்பல் முறிப்பார்கள். அவர் வந்து சேரும் நேரத்தில் ஒரு டீ குடித்துவிடலாம், அவர் அவுட்டாக அந்த நேரம்கூட ஆகாது. "இவரை நம்ம செண்பகமே அவுட்டாக்குவா" என்று கரடி ஒருமுறை சொல்லியிருந்தார். அந்தக் கிட்டப்பாவுக்குப் போடச் சொன்னதில் தனுஷ்கோடிக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். இருந்தாலும் ஓடிவந்தான். நிமிர்ந்தான். வாலைச் சுழற்றினான். விட்டான்.

ஆமை கால்களை நகர்த்தவில்லை. மட்டை மட்டும் லேசாக அசைந்தது. பந்து வேப்பமரங்களுக்கு மேலே போய்க் காணாமல் போனது.

எல்லைக்கோட்டில் ஆந்தை ஒன்று வேகம் காட்டும் கருவியோடு உட்கார்ந்திருந்தது. அது கருவியைப் பார்த்தது, இரண்டு தட்டுத் தட்டியது, மறுபடி பார்த்தது. "எண்பத்தெட்டு" என்றது.

"கை சூடாகட்டும் தம்பி. நிதானமா நல்ல பந்தாப் போடுங்க" என்றார் கிட்டப்பா அன்பாக.

தனுஷ்கோடி போட்டதே அவனுடைய நல்ல பந்துதான். ஆனால் அதை எப்படிச் சொல்வது?

அடுத்ததை இன்னும் வேகமாகப் போட்டான். அது மதில்மேல் உட்கார்ந்திருந்த மயில்களைக் கலைத்தது. மெதுவாகப் போட்டான். அது ஆற்றில் விழுந்தது. காலடியில் குத்தினான், தோளுக்கு எழுப்பினான், உள்ளே திருப்பினான். ஒவ்வொன்றுக்கும் கிட்டப்பா, "நல்ல பந்து தம்பி" என்றார். மனசாரச் சொன்னார். சொல்லிக்கொண்டே அடித்தார்.

மூச்சு வாங்க நின்றபோது தனுஷ்கோடி கேட்டே விட்டான். "அண்ணே, நான் என்ன போடப்போறேன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"நீங்க ஓடி வரும்போதே உங்க தோளு சொல்லிருதே."

"டிவியில உங்களை அவுட்டாக்குறாங்களே, அவங்க தோளு?"

"அது பேசாது தம்பி. அவங்க போடுற பந்தை நான் கண்ணால பாத்ததே இல்ல. சத்தம்தான் கேக்கும். திரும்பிப் பாத்தா ஸ்டம்பு இருக்காது."

தனுஷ்கோடிக்கு ஏரியின் முயல்கள் ஞாபகம் வந்தன. அவையும் இப்படித்தான் திரும்பிப் பார்க்கும். பிறகு, வந்ததற்குக் கடைசியாக ஒன்று போட்டுவிட்டுப் போவோம் என்று ஓடிவந்தான். வால் சுழலவில்லை. பந்து கையைவிட்டு நழுவித் தரையோடு தரையாக உருண்டது.

அதே நேரத்தில் மைதானத்து ஓரத்தில் சாப்பாட்டு வண்டி வந்து நின்றது. "இன்னிக்கு என்ன, கீரையா?" என்று கிட்டப்பா கழுத்தை நீட்டித் திரும்பினார். பந்து அவருக்குப் பின்னால் போய் ஸ்டம்பைச் சாய்த்தது.

"அது கணக்குல வராது" என்றார் நாரை.

"ஏன் வராது? ஸ்டம்பு விழுந்தா அவுட்டு" என்றார் கிட்டப்பா. மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தனுஷ்கோடியின் முதுகில் தட்டினார். கீரை சாப்பிடப் போய்விட்டார்.

நாரை அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, மனசுல பட்டதைச் சொல்றேன். உங்க ஊருக்கு நீங்க பெரிய ஆளு. அதுல சந்தேகமே இல்ல. ஆனா உங்க ஊரு வேற, இது வேற. அணியில எடுக்க வழியில்ல. இன்னொரு வேலை இருக்கு. எங்க ஆளுங்க ஆட்டத்துல சொதப்பிட்டு மனசு ஒடிஞ்சு வருவாங்க. அப்ப அவங்களுக்குப் பயிற்சியில பந்து போட ஆள் வேணும். உங்க பந்தை அடிச்சாங்கன்னா ரெண்டு நாள்ல தெளிஞ்சிருவாங்க. கிட்டப்பா முகத்தைப் பாருங்க, காலையில எப்படி இருந்தார் தெரியுமா?"

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றான் தனுஷ்கோடி. அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

அவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று நடந்திருந்தது. வரிசையில் நின்ற முயல், தன் முறை வரும்வரை பொழுது போகாமல் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அடிபட்ட பந்துகளைப் பிடிக்கவில்லை. அவை வானத்தில் போனதால் படத்தின் சட்டத்துக்குள் அடங்கவில்லை. கடைசிப் பந்து மட்டும் அடங்கியது. சாப்பாட்டு வண்டி அடங்கவில்லை. பெருவனம் கிட்டப்பா மட்டையோடு நிற்கிறார், கீரி ஓடிவருகிறது, ஸ்டம்பு விழுகிறது. தனுஷ்கோடி நடந்து ஊர் வந்து சேர்வதற்குள் அந்தப் படம் காடு முழுக்கச் சுற்றிவிட்டது.

டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவன் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நடந்ததை நடந்தபடி சொன்னான். வேப்பமரத்தைச் சொன்னான், மயிலைச் சொன்னான், ஆற்றைச் சொன்னான். எண்பத்தெட்டையும் மறைக்கவில்லை.

கரடியின் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு அடக்கம் பாத்தீங்களா" என்றார். "பெரிய இடத்துக்குப் போனவன்லாம் இப்படித்தான் பேசுவான்."

"அண்ணாச்சி, அவர் கீரையைப் பாத்துட்டிருந்தார்."

"அவர் கீரையைப் பாக்குற நேரத்தைக் கண்டுபிடிச்சுப் போட்டே பாரு."

அடுத்த ஞாயிறு கீழக்காட்டு அணியோடு ஆட்டம். அவர்களுடைய முதல் ஆட்டக்காரன் மாயாண்டி என்ற குரங்கு. தனுஷ்கோடியின் பந்தை எப்போதாவது அடிக்கிற ஒரே ஆள். இருவருக்கும் வருஷக்கணக்கான வம்பு. மாயாண்டி வருகிற ஞாயிறுகளுக்காகவே தனுஷ்கோடி நன்றாகத் தூங்கி எழுவான். அன்று முதல் பந்து கைதவறி முழங்கால் உயரத்தில் மெத்தென்று போனது. எந்த முயலும் அடித்திருக்கும். மாயாண்டி மட்டையை முன்னால் கொண்டுபோனான், பின்னால் இழுத்தான், கண்ணைச் சுருக்கினான், கடைசியில் தன் ஸ்டம்பைத் தானே தட்டிவிட்டான்.

"மாயாண்டி, அது சும்மா போன பந்துடா" என்றான் தனுஷ்கோடி.

"சும்மா போற மாதிரி தெரியுற மாதிரி போட்டீங்களேண்ணே" என்றான் மாயாண்டி. இதற்குமுன் அவன் தனுஷ்கோடியை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. "அதெல்லாம் நமக்கு எட்டாது."

அன்று எல்லோரும் அப்படியே ஆட்டமிழந்தார்கள். நல்ல பந்துக்கும் விழுந்தார்கள், கெட்ட பந்துக்கும் விழுந்தார்கள். ஊர்க்காரர்கள் தனுஷ்கோடியைத் தோளில் தூக்கி வந்தார்கள். தனுஷ்கோடி வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஜெயிச்சுட்டுத்தான வந்தீங்க?" என்றாள் செண்பகம்.

"ஜெயிச்சேன். ஒருத்தன்கூட என் பந்தைப் பாத்து ஆடல. அந்தப் படத்தைப் பாத்து ஆடுறாங்க."

"அங்க அந்த ஆமை பாத்து ஆடினாரா?"

அவன் யோசித்தான். "ஒவ்வொரு பந்தையும் பாத்தார். நல்ல பந்துன்னு சொல்லிட்டு அடிச்சார்."

"அப்ப அங்க போங்க" என்றாள். "கயிறு பாக்கப் போறதுக்கு இது தேவலை."

அவன் போனான். வாரம் முழுக்கப் பெருவனத்தில் அடி வாங்கினான். ஞாயிறு வந்து ஏரியில் மாலை வாங்கினான். மனம் ஒடிந்து வந்த சிறுத்தைகளும் கடமான்களும் அவன் பந்தை வானத்துக்கு அனுப்பித் தெளிந்து போயின. ஆந்தை இப்போதெல்லாம் கருவியைத் தட்டுவதில்லை. தோளைப் பேசாமல் வைத்திருக்க அவன் பழகினான். மழைக்காலம் போய் மறுபடி வெயில் ஏறியது.

ஒரு நாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தான். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் செண்பகம்.

"இன்னிக்குக் கிட்டப்பாண்ணன் என் பந்தைத் தடுத்தார்."

"அடிக்கலையா?"

"அடிக்கல. மட்டையைக் குறுக்க வச்சுத் தடுத்தார். ஒண்ணும் சொல்லல. என்னையே பாத்தார்."

"சாப்பாட்டு வண்டி வந்திருந்ததா?"

"வரல. காலைநேரம்."

செண்பகம் அவன் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள். இந்தச் சேதியை அவன் டீக்கடையில் சொல்லவில்லை. ஆமை தடுத்ததற்கா இத்தனை சந்தோஷம் என்று கரடி கேட்டால், அவரிடம் விளக்க அவனுக்குத் தெரியாது.

நீதி: இடைவிடாது முயன்றால் என்றாவது ஒரு நாள் உங்கள் பந்தும் தடுக்கப்படும், புகழ் அவசரமாக வேண்டுவோர் எதிராளியின் சாப்பாட்டு நேரம் அறிந்து பந்து வீசுக.