அறுபத்தொன்றாம் தறி

உலகத்தில் உள்ள எதையும் ஒரு கட்டத்துக்குள் அடைத்துவிடலாம், அடைத்த பிறகு அது தானாகவே நமக்குச் செய்தி அனுப்பும் என்று முழுமனதாக நம்பிய மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பட்டுச்சேலை ஆபீஸில் அவருக்குக் 'கட்டம்' என்று பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அவர் மனைவியே ஒருமுறை ஆபீஸுக்குப் போன் செய்து, "கட்டம் இருக்கிறாராம்மா?" என்றுதான் கேட்டார்.

நான் அங்கே ஆர்டர் பிரிவு. பிள்ளையார்பாளையத்தில் அறுபது வீடுகளில் எங்களுக்குத் தறி ஓடியது. கல்யாணத்துக்குச் சேலை சொன்னவர்கள் தினமும் என்னைக் கேட்பார்கள். நான் தறிகளைச் சுற்றிப் பார்த்துவரும் மேஸ்திரிகளைக் கேட்பேன். மேஸ்திரி வண்டி ஓட்டிக்கொண்டே, "பாதி முடிஞ்சிடுச்சிமா" என்பார். எந்தச் சேலையைக் கேட்டாலும் பாதிதான் முடிந்திருக்கும்.

இதற்கு முடிவு கட்டத்தான் கட்டம் வந்தார். மேஸ்திரிகளின் போனில் ஒரு ஷீட். தறிக்கு ஒரு வரிசை. சேலை எந்த நிலையில் இருக்கிறது என்று அங்கே அவர்கள் மாற்றினால், அந்த நொடியே எங்கள் ஆபீஸ் குழுவில் செய்தி விழும். சாயங்காலம் வரை ஒரு தறியில் எந்த மாற்றமும் இல்லை என்றால், 'தறி நின்றுவிட்டது. உடனே கவனிக்கவும்' என்று அதுவே கூவும்.

"மனுஷன் நடுவுல இருக்கவே கூடாதுக்கா. இந்தக் கட்டத்துல எழுத்து மாறினா அந்தக் குழுவுல மணி அடிக்கணும். அவ்ளோதான்" என்றார்.

மணி அடித்தது. முதல் நாள், ஒரு எழுத்து மாறினாலே ஒரு செய்தி என்று இணைத்துவிட்டார். 'மாம்பழ மஞ்சள்' என்று ஒரு மேஸ்திரி தட்டி முடிப்பதற்குள் முதலாளியின் சட்டைப்பை பத்து முறை சிணுங்கியது. முதலாளி அப்போது வரதராஜப் பெருமாள் சன்னதியில் நின்றிருந்தார்.

"ஏம்பா கட்டம், பட்டர் கையில மணிய வெச்சிக்கினு அடிக்காம என்னையே பாக்குறாருபா. அவருக்குப் போட்டியா நான் அடிக்கிறேன்னு நெனச்சிட்டாரு!"

"சார், சிஸ்டம் வேலை செய்யுதுன்னு அர்த்தம் சார்" என்றார் கட்டம், முகம் மலர.

அடுத்து டீ. டீக்கடை எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே. "நாலு டீ!" என்று குரல் கொடுத்தால் போதும். கட்டம் அதையும் ஷீட்டில் ஏற்றினார். சர்க்கரை உண்டு, இல்லை, பாதி என்று நாங்கள் குறிக்க, டீ மாஸ்டரின் போனுக்குச் செய்தி போகும். மாஸ்டரோ போனை ஈரம் படக்கூடாது என்று கல்லாப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பார். முக்கால் மணி நேரம் நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் ஜன்னல் வழியாகக் கத்தியே டீ வாங்கினோம்.

"கத்தினா ரெக்கார்டு இருக்காதேக்கா" என்று அவர் மட்டும் டீ குடிக்காமல் வருத்தப்பட்டார்.

அவருக்குப் பிடிக்காத ஒன்று காலை வணக்கப் படம். குழுவில் யாராவது ரோஜாப்பூ அனுப்பினால், 'இந்தப் பூ எந்தச் சேலைக்கு? தறி எண் குறிப்பிடவும்' என்று பதில் போகும்படி செய்திருந்தார். முதலாளியின் மாமியார் அனுப்பிய தாமரைக்கும் அதே பதில் போனது. அந்த அம்மாள் அப்படி ஒரு சேலையே வேண்டும் என்று ஆர்டர் கொடுத்துவிட்டார்.

வந்த முதல் மாதத்தில் ஒரு நாள், ஷீட் அறுபது முறை கூவியது. அறுபது தறியும் நின்றுவிட்டன! கட்டம் மொபெட்டை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் ஓடினார். தெருத்தெருவாகச் சத்தமே இல்லை. அவர் உத்திரமேரூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். கலவரமோ சாவோ என்று பயந்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். நெசவாளர் எச்சில் கையோடு வந்து நின்றார்.

"அமாவாசைப்பா இன்னிக்கி. எவன் தறியில உக்காருவான்? இதுகூடத் தெரியாம ஆபீஸ் நடத்திக்கினு இருக்கீங்களா? உள்ள வா, வடை துண்ணு."

காகிதத்தில் சுற்றிய நான்கு வடையோடு திரும்பினார். வருஷத்தின் எல்லா அமாவாசையையும் நாள்காட்டி பார்த்து அன்றைக்கே ஷீட்டில் ஏற்றினார். அந்த நாட்களில் எந்தத் தறிக்கும் எச்சரிக்கை போகாது. "இப்பதான் சிஸ்டம் காஞ்சிபுரத்துக்குக் குடி வந்திருக்குது" என்றார். வடை நன்றாக இருந்தது.

என் மகள் பவித்ராவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது அதன் பிறகுதான். கணவர் போன பிறகு எனக்கு அவள் ஒருத்திதான். கம்பெனி பஸ்ஸில் போய் வருவாள். திரும்பும் நேரம் ஒரு நாளைப் போல் ஒரு நாள் இருக்காது. நான் ஒன்பது முறை போன் செய்வேன். ஒருநாள் பத்தாவது முறை அவளுடைய சூப்பர்வைசர் எடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் நேராகக் கட்டத்திடம் போய் நின்றாள். "சார், எங்கம்மாவ ஏதாச்சும் ஒரு கட்டத்துல போட்டு மூடுங்க சார்."

"ஷீட்டுல தறிக்கு மட்டும்தான் எடம் இருக்குதுமா" என்று தலையைச் சொறிந்தார். "பரவால்ல. நீ அறுபத்தொண்ணு."

பஸ் ஏறியதும் போனில் ஒரு தட்டு. நம்மூரில் இறங்கியதும் ஒரு தட்டு. தட்டினால் ஷீட்டில் மட்டும் பதியும், எனக்குச் செய்தி வராது. ஏழு மணிக்குள் ஒரு தட்டும் இல்லாவிட்டால் எனக்கு மட்டும் எச்சரிக்கை. "செய்தி வரலைன்னா அதுதான் நல்ல செய்திக்கா. நிம்மதியா சமையலப் பாருங்க."

பார்த்தேன். பல வருஷங்களுக்குப் பிறகு கடிகாரத்தைப் பார்க்காமல் சமைத்தேன். ஓவர்டைம் என்றால் அதையும் அவளே தட்டிவிடுவாள், எச்சரிக்கை வராது. போன் பேசாமல் கிடப்பதே எனக்குத் தாலாட்டாக இருந்தது.

அப்படித்தான் அந்தச் சாயங்காலமும் கிடந்தது. ஏழே கால் மணிக்குக் கட்டம் போன் செய்தார்.

"அக்கா, பாப்பா வந்துட்டாளா?"

"இல்ல சார். மெசேஜ் ஒண்ணும் வரல, ஓவர்டைம்ல இருப்பா."

மெதுவாக, "அக்கா, இன்னிக்கி அமாவாசை" என்றார்.

வீட்டில் சும்மா ஷீட்டைத் திறந்து பார்த்தாராம். அது அவருக்குப் பொழுதுபோக்கு. அறுபது வரிசையும் காலி, சரி. அறுபத்தொன்றும் காலி. பஸ் ஏறினேன் என்ற தட்டுகூட இல்லை.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து என் வீட்டுக்கு ஐந்தே நிமிஷத்தில் வந்தார். வருவதற்குள் கம்பெனி காவலாளியிடம் பேசியிருந்தார். பஸ் சுங்குவார்சத்திரம் அருகே தடுப்பில் மோதிவிட்டது. பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். யார் யார் என்று தெரியவில்லை. மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தேன். அது நாற்பதைத் தாண்டாத வண்டி. வழியெல்லாம் அவர் முதுகு குலுங்கியது.

பவித்ரா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் தையல், கையில் கட்டு. மடியில் நொறுங்கிய போன்.

"அம்மா, அழாத. ஒண்ணும் இல்ல. பஸ் ஏறுனப்ப தட்ட மறந்துட்டேன். யாராச்சும் போன் குடுத்தா பேசலாம்னு இருந்தேன்." பிறகு அவரைப் பார்த்தாள். "சார், தறி லேசா டேமேஜ் சார்."

எல்லோரும் சிரித்தோம். கட்டம் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அறுபத்தொண்ணு தறி இல்லக்கா. அது அமாவாசை பாக்காது. எனக்குத் தோணாமப் போயிடுச்சேக்கா."

மறுநாள் முதல் வேலையாக அந்த வரிசையை அழித்தார். அதன் பிறகு தினமும் ஏழு மணிக்கு அவரே போன் செய்வார். "பாப்பா வந்துட்டாளா?" வந்துவிட்டாள் என்றால் உடனே வைத்துவிடுவார். மனிதன் நடுவில் இருக்கவே கூடாது என்று சொன்னவர், எண்ணூறு நாள் நடுவில் நின்றார்.

போன வருஷம் ஆபீஸில் சென்னையிலிருந்து ரெடிமேடாக ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார்கள். அமாவாசை, பௌர்ணமி எல்லாம் அதற்குத் தெரியும். கட்டம் திருப்பூருக்கு ஒரு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். புது சாஃப்ட்வேர் தப்பே செய்வதில்லை. எங்கள் ஆபீஸில் யாரும் சிரிப்பதும் இல்லை. டீயை ஜன்னல் வழியாகக் கத்தி வாங்கும்போதெல்லாம், "ரெக்கார்டு இருக்காதேக்கா" என்று பக்கத்தில் யாரோ சொல்வதுபோல் திரும்பிப் பார்க்கிறேன்.

பவித்ரா இப்போது புனேயில். நானே ஒரு ஷீட் போடக் கற்றுக்கொண்டேன். எதோடும் இணைக்கவில்லை. கையால்தான் நிரப்புகிறேன். அதில் இரண்டே வரிசை. அறுபத்தொன்று, அவள். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பேசுவாள், 'ஓடுது' என்று எழுதுவேன்.

அறுபத்திரண்டு, கட்டம் சார். அது அவருக்குத் தெரியாது. தினமும் காலையில் திருப்பூரிலிருந்து எனக்கு ஒரு பூப்படம் வருகிறது. ஆமாம், அவரேதான் அனுப்புகிறார். 'இந்தப் பூ எந்தச் சேலைக்கு?' என்று நான் பதில் போடுகிறேன். போட்டுவிட்டு அந்தக் கட்டத்திலும் 'ஓடுது' என்று எழுதுகிறேன்.

இரண்டு வரிசைக்கும் அமாவாசை லீவு கிடையாது.