முதல் வரிசைக்குப் போன முதலாளி உத்தரவு

காஜா பேராங், மலாக்கா
24 செப்டம்பர் 1957, செவ்வாய்க்கிழமை

சிங்கப்பூரில் டெலிபோன் பழுது பார்க்கும் உத்தியோகத்தில் இருக்கும் அன்புள்ள மைத்துனர் தம்பிராஜா அவர்களுக்கு, அத்தான் அப்பாசாமி எழுதிக்கொண்டது.

இங்கு நானும் உங்கள் அக்காள் சாரதாம்பாளும் மகள் விஜயாவும் உடம்பளவில் சுகம். மனசளவில் எப்படி என்று கேட்க வேண்டாம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே உங்கள் வீட்டில் குழந்தைகளுக்குச் சளி குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

நான் கிராணியாகக் கணக்கெழுதும் பஸ் கம்பெனி ஆபீசுக்கு நீங்கள் உங்கள் கையாலேயே செய்து மாட்டிக் கொடுத்த ஆட்டோமேட்டிக் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். பெட்டியில் ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் என்னிடம். வெளியிலிருந்து வரும் ஒரே லைனை எந்த மேசைக்கு விடுவது, எதற்கு மறுப்பது என்று தகரப் பட்டைகளில் சட்டம் எழுதி வரிசையாகச் செருகச் சொன்னீர்கள். பெட்டி மேலிருந்து கீழே பார்க்கும், பொருந்துகிற முதல் பட்டை சொன்னபடி செய்துவிட்டு அதற்குக் கீழே பார்க்காது என்றீர்கள். 'எவருக்கும் விடாதே' என்ற பட்டை மட்டும் எப்போதும் கடைசியில் இருக்க வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதியும் கொடுத்தீர்கள். அந்தக் காகிதம் சுவாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. பத்திரமாக இருந்து என்ன பயன்.

போன வியாழக்கிழமை முதலாளி சோலையப்பன் என்னைக் கூப்பிட்டார். மெர்டேக்கா வந்த நாளிலிருந்து டிரைவர்கள் அறையில் ஓயாமல் பேச்சு, கிளேபாங் சாப்பாட்டுக் கடைக்கு போன் போட்டு மீன் குழம்பு இருக்கிறதா என்றுகூட விசாரிக்கிறார்கள் என்று கோபம். "நாட்டுக்குச் சுதந்திரம் வந்தா என் டெலிபோனுக்கும் வந்துருச்சா, கிராணி? எவனுக்கும் கிடையாதுன்னு பெட்டியில போடுங்க" என்றார். அந்தப் பட்டை ஏற்கெனவே அடியில் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலாளி வாயால் சொன்ன உத்தரவை டிரைவர்கள் பட்டைக்கும் டிக்கெட் கவுண்டர் பட்டைக்கும் கீழே எப்படி வைப்பது, நாளைக்கு அவர் மூடியைத் திறந்து பார்த்தால் என்ன நினைப்பார் என்று யோசித்து, மரியாதைக்காக அதை எல்லாவற்றுக்கும் மேலே செருகிவிட்டேன்.

மாற்றியது வெள்ளிக்கிழமை காலை பத்து இருபத்து மூன்றுக்கு. மூடியை மூடியதும் சாவியைத் திருப்பாதீர்கள், திருப்பினால் புது வரிசை நிலைத்துவிடும், பத்து நிமிடம் ஒவ்வொரு டெலிபோனாக எடுத்துப் பாருங்கள், ஏதாவது தப்பாக இருந்தால் சும்மா இருங்கள், பெட்டி தானே பழைய வரிசைக்குத் திரும்பிவிடும் என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னது நினைவிருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பம். அன்றைக்குப் போய் ராகுகாலத்தில் ஒரு காரியத்தை முடிக்கலாமா? எதையும் எடுத்துப் பார்க்காமல் பத்து இருபத்தைந்துக்கே சாவியைத் திருப்பிவிட்டேன்.

அன்றைக்கு என்ன என்றால், தன் மகனுக்காக நம் விஜயாவைப் பெண் பார்த்துவிட்டுப் போன மூவார் பொன்னுதுரை, ராகுகாலம் கழித்துப் பன்னிரண்டரைக்கு என் மேசைக்கு போன் செய்து முடிவைச் சொல்வதாக இருந்தார். பன்னிரண்டரை ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று, மணி அடிக்கவில்லை. நானாக எடுத்துப் பார்த்தேன், செத்துக் கிடந்தது. சரி, மூடியைத் திறக்கலாம் என்றால், திறக்கிற ரகசிய எண்ணை என் டெலிபோனிலிருந்துதானே சுழற்ற வேண்டும். பெட்டி முதல் பட்டையோடு நின்றுவிடும், என் டெலிபோனும் அந்த 'எவருக்கும்' என்பதில் அடக்கம் என்று அப்போதுதான் உறைத்தது. நானே பூட்டி நானே வெளியே நிற்கிறேன். பின்பக்கத்தைத் திறக்கிற சாவி உங்களிடம் சிங்கப்பூரில் இருக்கிறது.

இதைவிடப் பயங்கரம், அடிக்கிறவர்களுக்கு அந்தப் பக்கம் மணி அடிக்கிற சத்தம் கேட்குமாம், இங்கே மட்டும் கேட்காது. பொன்னுதுரை என்ன நினைத்திருப்பார்? வேண்டுமென்றே எடுக்காத திமிர் பிடித்த குடும்பம் என்றுதானே. பெண்ணைப் பெற்றவன் நானாகப் போய் "என்ன முடிவு" என்று கேட்டால் அதைவிட மதிப்புக் குறைவு உண்டா? இந்தச் சம்பந்தம் கைநழுவினால் என்னால்தான் நழுவியது. உங்கள் அக்காள் வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

தன் மேசை போனும் செத்தது முதலாளிக்கு இன்னும் தெரியாது. அவர் தானாக போனைத் தொடுகிறவர் இல்லை, "ஒர்க்‌ஷாப்புக்கு அடிங்க கிராணி" என்பார். நான் "இதோ" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் முனைக் காப்பிக்கடையில் பேசிவிட்டு வேர்த்து விறுவிறுத்து வருகிறேன். போனில் பேசியதற்கு ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்று நேற்றுக் கேட்டார். காப்பிக்கடைக்காரரான சீனத் தவுக்கே வெளியூருக்கு அடிக்க விடமாட்டார். தந்தி கொடுத்தால் யாரோ போய்விட்டார்கள் என்று உங்கள் வீட்டில் பிரிப்பதற்கு முன்பே அழுவார்கள். ஆகவேதான் கடிதம். கண்டதும் முதல் பஸ்ஸில் சாவியோடு புறப்பட்டு வரவும். கெஞ்சிக் கேட்கிறேன், மச்சான்.

உங்கள் துணைவியாருக்கு எங்கள் விசாரிப்பு, குழந்தைகளுக்கு ஆசி. எல்லோரையும் சுப்பிரமணியர் காப்பாற்றட்டும், முதலில் என்னை.

இப்படிக்கு,
உறக்கமில்லாத அத்தான்,
அப்பாசாமி

பி.கு. (புதன்கிழமை): கடிதத்தை ஒட்டிய பிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். நேற்று மாலை பொன்னுதுரையும் அவர் சம்சாரமும் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நான் லைன் கோளாறு, மழை என்று எதையோ உளறினேன். விஜயா காப்பியை வைத்துவிட்டு, "மாமா, லைன் நல்லாத்தான் இருக்கு. அப்பாதான் பெட்டியில தப்பாப் போட்டு, தன்னையும் சேத்துப் பூட்டிக்கிட்டாரு. வெக்கத்துல சொல்ல மாட்டாரு" என்றாள். அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அப்புறம் பொன்னுதுரை சொன்னார்: "பொண்ணு வாய்த்துடுக்குன்னு யாரோ சொன்னாங்க. வேணாம்னு சொல்லத்தான் நாலு தடவை அடிச்சேன். நீங்க எடுக்கல. நேர்ல சொல்லிரலாம்னு வந்தோம். இப்ப இவ இந்தப் பொண்ண விட்டுட்டு வர மாட்டேங்கறா." தை மாதத்தில் முகூர்த்தம்.

இன்று முதலாளி என்னைக் கூப்பிட்டு, அஞ்சு நாளாக ஒரு பயணிகூடப் போனில் புகார் சொல்லவில்லை, பஸ்ஸெல்லாம் நேரத்துக்கு ஓடுகிறது போலிருக்கிறது, பெட்டியை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். எனக்கும் அதுவே சரி. லைன் திறந்தால் பொன்னுதுரை ஐந்தாம் தடவை அடிக்க மாட்டார் என்பது என்ன நிச்சயம்? தாலி ஏறும் வரை நான் சைக்கிளே மிதிக்கிறேன். தாய்மாமனாக நீங்கள் முன்னால் நின்று நடத்த வேண்டும், அவசியம் வாருங்கள். சாவியை மட்டும் சிங்கப்பூரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.