ஒழுகாத முதல் பரிசு

ஒரு காட்டில் லாட்டரி பாவம். ஆற்றைத் தாண்டினால் அடுத்த காட்டில் அதுவே அரசாங்கம்.

இந்தக் கரையை ஆண்ட புலி, "உழைக்காமல் வருவது உடம்பில் ஒட்டாது" என்று சொல்லி, சீட்டு வைத்திருந்தாலே சிறை என்று சட்டம் போட்டிருந்தது. புலி உழைத்து யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். அந்தக் கரையை ஆண்ட யானையோ, தன் படம் போட்ட சீட்டைத் தானே விற்றது. "விழுந்தால் உங்களுக்கு, விழாவிட்டால் காட்டு மருத்துவமனைக்கு" என்று ஆமைகள் மரத்தடி மரத்தடியாகக் கூவின.

இந்தக் கரையில் செங்கமலம் என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். ஐப்பசி மழையில் அவள் வளைக்குள் தண்ணீர் புகுந்தது. குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொள்ளவும் வழியில்லை, முதுகு அப்படி. இரண்டும் ஒரு வேரின்மேல் நின்று இருமிக்கொண்டிருந்தன.

"நின்னுக்கிட்டே தூங்க முடியலம்மா" என்றது மூத்தது.

அந்த வாரம் அக்கரை லாட்டரியின் முதல் பரிசு, ஒழுகாத குகை. செங்கமலம் நீந்திப் போய், சேர்த்து வைத்திருந்த இலுப்பைப்பூவைக் கொடுத்து ஒரு சீட்டு வாங்கினாள். அவளே நம்பாதபடி பரிசும் விழுந்தது.

"குடும்பத்தோட வாம்மா. குகை வாசல்ல நிக்க வெச்சு ஒரு படம் எடுத்தாத்தான் சாவி" என்றது ஆமை.

குட்டிகளை அழைத்து வரத் திரும்பினாள். சீட்டு நனையக் கூடாதே என்று முதுகிலேயே உயரமான முள்ளில் அதைக் குத்திக்கொண்டாள். மற்றவர்கள் கடத்தும்போது மடியில் ஒளிப்பார்கள். இவள் கொடியேற்றிக்கொண்டு எல்லைக்குள் நுழைந்தாள்.

சோதனைச் சாவடியில் செந்நாய் நின்றது.

"முதுகுல என்னம்மா?"

"இலைங்கய்யா. ஒட்டிக்கிச்சு."

"இலையில யானை சிரிக்குதே."

செந்நாய் சீட்டைப் பிடுங்கி எண்ணைப் பார்த்தது. காலையில் அக்கரை முரசு அறிவித்த அதே எண். உடனே அதன் குரல் குழைந்தது.

"பாரும்மா, இது உன்னுதுன்னா குட்டிங்களோட பாறைச் சிறைக்குப் போகணும், மழைக்காலம் முடியிற வரைக்கும். உன்னுது இல்லைன்னா பேசாம வீட்டுக்குப் போ. சீட்டை நான் பார்த்துக்கறேன்."

ஆம் என்றால் சிறை. இல்லை என்றால் குகை போச்சு. செங்கமலத்தின் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. மெதுவாகக் கேட்டாள்:

"ஐயா, அந்தச் சிறை ஒழுகுமா?"

"அது எப்படி ஒழுகும்? பாட்டன் காலத்துப் பாறை. எந்தக் கான்ட்ராக்டரும் இன்னும் கை வைக்கல."

"சாப்பாடு?"

"ரெண்டு வேளை கிழங்கு. அதெல்லாம் உனக்கெதுக்கு?"

"சீட்டு என்னுதுதாங்கய்யா."

"அவசரப்படாதம்மா. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"சத்தியமா என்னுது. எழுதிக்குங்க."

அன்றைக்குக் குட்டிகள் படுத்துத் தூங்கின.

செந்நாய் சாட்சிப்பொருளோடு அக்கரைக்குப் போய் பரிசைக் கேட்டது. வரிக்கு உள்ளறை, முகவருக்கு முன்னறை, மருத்துவமனைக்குக் கூரை என்று பிடித்தது போக மிச்சம் இருந்தது வாசல். மழையில் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பியது.

அதற்குள் சிறையின் பெருமை காடு முழுக்கப் பரவியிருந்தது. முயல், மான், கீரி எல்லாம் ஆளுக்கொரு சீட்டு வாங்கிவந்து, "பிடிங்கய்யா" என்று சாவடியில் வரிசையில் நின்றன. சிறையில் இடம் கொஞ்சம், குற்றவாளிகள் அதிகம். விஷயம் புலியிடம் போனது.

"எல்லார் பேரையும் பானையில் போட்டுக் குலுக்குங்கள். வருகிறவருக்குச் சிறை" என்றது புலி.

மந்திரி நரி தலையைச் சொறிந்தது. "மகாராஜா, அதுக்குப் பேர்தான் லாட்டரி."

"அந்தக் கரையில் குலுக்கினால் லாட்டரி. நாம் குலுக்கினால் ஒதுக்கீடு."

பானையில் முதல் ஆளாகத் தன் பெயரைப் போட்டது செந்நாய். செங்கமலம் கிழங்கைக் கடித்துக்கொண்டே கம்பி வழியாக வேடிக்கை பார்த்தாள். செந்நாய்க்கு விழவில்லை. ஆறுதல் பரிசாகச் சிறைக்கு வெளியே காவல் வேலை கொடுத்தார்கள். மழை விடவில்லை.

நீதி: உண்மை பேசினால் சிறை நிச்சயம், ஆகவே மழைக்காலத்தில் உண்மையே பேசுக.